ஒரு கண்ட

வெள்ளிக்கிழமை விடியலில் நைனா போய்விட்டார். ஆந்திராவில் புத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விளக்கு வைத்த பிறகு எடுக்கும் வழக்கம் இங்கே கிடையாது. விடிந்தால் சனிக்கிழமை, அன்றைக்கு எடுக்கவே மாட்டார்கள். ஐதராபாத்தில் இருக்கும் என் தம்பி ஜெயபிரகாஷ் பொழுது சாய்வதற்குள் வந்து சேர வேண்டும். ஒரே மகன். கொள்ளி அவன் கையால்தான்.

பத்து மணிக்குப் போன் செய்தான். அழுதுகொண்டே பேசினான்.

"டிக்கெட்டு கெடச்சிடிச்சிக்கா. திருப்பதிக்கு ஒரு கண்ட ஃப்ளைட்டுதான். நான் வர்ற வரிக்கும் நைனாவ எடுத்துடாதீங்க."

பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறான். தமிழ் பேசினாலும் பாதி தெலுங்கு. கண்ட என்றால் மணி. ஒரு மணி என்பதற்கு ஒண்டிகண்ட, ஒரு மணி நேரத்துக்கு ஒக கண்ட என்று தெலுங்குக்காரர்கள் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். இரண்டையும் பிசைந்து பேசுகிற ரெண்டுங்கெட்டான்கள் நாங்கள்தான்.

ஒரு மணிக்கு விமானம் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய மேதை போலச் செல்போனில் வேறு தேடினேன். திருப்பதிக்கு ஆகாயத்தில் நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பயணம் ஒரு மணி பத்து நிமிடம் என்று காட்டியது. அதைப் பார்த்த பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவில் இறங்கி, காரில் முக்கால் மணி. மூன்றுக்கெல்லாம் வந்துவிடுவான் என்று ஊருக்கே சொல்லிவிட்டேன்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். மூன்றரைக்கும் அப்படியே. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சித்தப்பா முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வர்றவன் இன்னாத்துக்கு போனை நிறுத்தி வச்சிக்கினு இருக்கான்? ரெண்டு வருசமா அப்பன்கிட்ட பேசாதவன், இப்ப மட்டும் வந்துடுவானா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம் சித்தப்பா."

"மழ புடிச்சிக்கினா கட்ட பத்தாதும்மா. எடுத்துடலாம்."

இப்போதுதான் அவன் ஆகாயத்தில் இருக்கிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா மகன் கொள்ளிச் சட்டியைத் தூக்கினான். சுடுகாடு ஏரிக்கரைக்குப் பின்னால்தான். நாங்கள் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது கரைக்கு மேலே புகை எழுந்தது. அப்போது போன் அடித்தது.

"அக்கா, ரேணிகுண்டால எறங்கிட்டேன். வந்துக்கினே இருக்கேன்."

"உன் ஃப்ளைட்டு ஒரு மணிக்கு இல்லியாடா?"

"மூணு மணிக்குக்கா. ஒரு கண்டல வந்துடும்னுதானே சொன்னேன். ஏன்?"

சொன்னேன். என் தப்புதான் என்பதையும் சொன்னேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவனுக்குப் பின்னால் யாரோ பெட்டிகளைப் பற்றித் தெலுங்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டான்.

"நைனா மொகம் எப்டி இருந்துச்சிக்கா?"

விடிந்ததிலிருந்து அவர் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். பார்த்ததெல்லாம் வாசலையும் கடிகாரத்தையும்தான்.