போட்டிக்குப் போன பத்தியக் குழம்பு

ஆன்சிக்கு வயிறு எரிந்தது. பிள்ளை பெற்று வந்திருக்கும் மகளுக்கு ஒரு மீன் குழம்பு வைக்க எண்ணூரில் ஒரு தாய் இத்தனை யோசிக்க வேண்டுமா?

மழை ஓய்ந்து வாடைக் காற்று வீச ஆரம்பித்தால் முகத்துவாரத்தில் மடவை மீனுக்குக் கொழுப்பேறும். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, புளியைக் குறைத்து, அந்த மீனில் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தால் பெற்றவளுக்குப் பால் ஊறும், குளிரும் அண்டாது. அந்த மகள் சாண்ட்ரா பிறந்தபோது ஆன்சி தின்றதும் அதைத்தான். எந்தக் காலத்துக்கு எந்த மீன் என்று அந்தக் கரையில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த வருஷ வெள்ளத்தோடு பக்கத்துக் கம்பெனியின் எண்ணெயும் ஆற்றில் இறங்கியிருந்தது. அன்று அவள் புருஷன் ஃப்ரெடி வலையிலிருந்து கொண்டுவந்து போட்ட மடவையை அலசும்போது தண்ணீர் மேல் மினுமினுவென்று ஏதோ படர்ந்தது. மஞ்சள் தேய்த்தாள். கல்லுப்பு போட்டு உரசினாள். குழம்பு கொதித்து இறங்கிய பிறகும் நாற்றம் போகவில்லை.

"யோவ், இன்னாய்யா இது, வாட அடிக்குது?"

"வாட காத்துல புட்ச்ச மீனு, வாட அடிக்காம பின்ன இன்னா பண்ணும்?" என்று ஃப்ரெடி சிரித்தான்.

"காத்து வாடைக்கும் எண்ண வாடைக்கும் எனுக்கு வித்தியாசம் தெர்லன்றியா? கொயந்தைக்கு அந்தப் பாலுதானய்யா போவும்!"

ஃப்ரெடியின் சிரிப்பு நின்றது. "டெஸ்ட் எட்து, தண்ணி சுத்தமா கீதுன்னு கம்பெனிக்காரனே சொல்லிட்டான். நீ கெளப்பி வுடாத மே. நாளைக்கு எவன் எம்மீன வாங்குவான்? பொயப்புல மண்ணப் போட்றாத."

உள்ளே சாண்ட்ரா பசியோடு படுத்திருந்தாள். ஆன்சிக்கு வந்த ஆத்திரத்தில் குழம்புச் சட்டியைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாதா கோயில் மண்டபத்தில் அன்றைக்கு அதே கம்பெனி சமையல் போட்டி வைத்திருந்தது. 'பருவத்தோடு உண்போம், நலமோடு வாழ்வோம்' என்று வாசலில் பேனர். சுத்தம் என்று சொன்னவன் தின்று காட்டட்டும். அவன் தின்றால் சாண்ட்ராவுக்குக் கொடுப்பது, இல்லையென்றால் சாக்கடையில் கொட்டுவது என்று முடிவு செய்துகொண்டாள். "மே, நில்லு மே!" என்று ஃப்ரெடி பின்னாலேயே ஓடி வந்தான்.

மண்டபத்தில் கம்பெனி அதிகாரி பொன்ராஜ் மைக்கைப் பிடித்து வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார். "உங்க ஆறு, உங்க மீன்! இந்த சீசனுக்கு இதைவிட சத்து எதுல இருக்கு?" என்றதும் கம்பெனி ஆட்கள் கை தட்டினார்கள். ஆற்றைக் கெடுத்தவனே ஆற்று மீனின் பெருமை பேசினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது!

ஆன்சி சட்டியை அவர் முன்னால் வைத்தாள். "மடவ மீனு சார். நம்ம ஆத்து மீனு. துன்னு பாரு."

"வெள்ளிக்கிழமை நான் சைவம்மா."

"எங்குளுக்கும் வெள்ளிக்கெயம கறி இல்ல சார். அதான் மீனு."

"மேடம் டேஸ்ட் பண்ணுவாங்க" என்று அவர் நடுவராக வந்திருந்த ஊட்டச்சத்து நிபுணர் பெர்சிஸ் பக்கம் கையைக் காட்டினார்.

பெர்சிஸுக்கு மூக்கு சிவந்து வழிந்துகொண்டிருந்தது. "ஜலதோஷம்மா, ஒரு வாசனையும் தெரியல. மிளகுக் குழம்புன்னா தொண்டைக்கு இதமா இருக்கும்" என்று ஆசையாகவே மூடியைத் திறந்து ஒரு கரண்டி அள்ளினாள். அவளுக்குத் தெரியாதது பக்கத்தில் நின்ற பொன்ராஜின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கரண்டி வாய்க்குப் போகுமுன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மேடம், இது வேணாம்."

மெதுவாகத்தான் சொன்னார். கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, "இவங்களுக்கே முதல் பரிசு! கை தட்டுங்க!" என்றார். யாரும் தட்டவில்லை.

"பரிசா? துன்னாமலே பரிசா?" ஆன்சி இன்னும் ஓர் எட்டு முன்னால் வந்தாள். "அந்தம்மாவுக்கு வேணாம். எம்பொண்ணு துன்னலாமா? நேத்திக்கு முந்தாநேத்துல்லாம் நாங்க துன்னோமே, அது? சொல்லு சார். மைக்லயே சொல்லு!"

அவர் மைக்கை இறக்கினார். ஆன்சி அதை அவர் கையோடு சேர்த்துப் பிடித்து மறுபடி அவர் வாயருகே தூக்கினாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பின்னால் நாற்காலி ஒன்று சாய்ந்து விழுந்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஃப்ரெடி வந்தான். எவன் எம்மீன வாங்குவான் என்று கேட்ட அதே ஃப்ரெடி.

"பேசுய்யா!" என்று கத்தினான். "எம்பேத்தி பாலு குடிக்கணும்யா, பேசு!"