படம் இருக்கிற பக்கம்

பம்பாய் மாட்டுங்காவில் அம்மிணி மாமி வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகும்போது லூசியம்மாள் மகள் சேசம்மாளையும் கூட்டிக்கொண்டு போவாள். தாராவிக் குடிசையில் ஆறு வயசுப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வர மனசு வருமா? அறுபத்து நாலாம் வருஷத்து மே மாத லீவு அது. ஜூனில் கான்வென்டில் இடம் கேட்கப்போகிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை மாமி காலையில் கூடத்தில் உட்காரவைத்து இங்கிலீஷ் அட்டை விளையாட்டு நடத்தினாள். படத்தைப் பார்த்ததும் எந்தப் பிள்ளை முந்திப் பேர் சொல்லுகிறதோ, அட்டை அதற்கு. முக்காலியில் ஏறி நின்று அட்டையைத் தூக்கிக் காட்டும் வேலை சேசம்மாளுக்கு.

லூசியம்மாளுக்கு அதில் ஏகப் பெருமை. தனக்குத்தான் எழுத்து வாசனை கிடையாது. பிள்ளையாவது அந்தக் காற்றில் நிற்கிறதே. ஒருநாள் வீடு திரும்பும் வழியில் சேசம்மாள் "ஆப்பிள், ஷிப், லாம்ப்" என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஷிப்புன்னா என்னட்டி?"

"தெரியாதும்மா."

"தெனமும் நீதான தூக்கிக் காட்டுத?"

"படம் அவங்க பக்கம்லா இருக்கு. எம் பக்கம் வெறும் அட்டை. ஒருக்க திருப்பிப் பாத்தேன். மாமி கையில ஒரு அடி வச்சாவ."

லூசியம்மாள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த கைவண்டிக்காரன் "ஏ பாயி, பாஜூ!" என்று விலகச் சொல்லிக் கத்தினது அவள் காதில் விழவில்லை. படம் மாட்ட ஆணி அடிக்கிற மாதிரி என் பிள்ளையை அல்லவா அடித்து வைத்திருக்கிறார்கள்!

மறுநாள் அவள் சமையலறைப் பக்கமே போகவில்லை. நேரே கூடத்துக்குள் போய், முக்காலியிலிருந்து மகளை இறக்கி, பாயில் ருக்கு என்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"என்னடி கூத்து இது?" என்றாள் மாமி. "ராத்திரிப் பாத்திரம் அப்படியே கெடக்கு. ஒம்பது மணிக்குக் கொழாய் நின்னுடும்."

"நிக்கட்டும். எம் புள்ள படம் பாக்கணும்."

"அப்போ அட்டையை யாரு காட்டறது?"

"ஒங்களுக்குக் கை இல்லையா மாமி? இல்லன்னா நான் காட்டுதேன்."

"மத்த கொழந்தைகளோட அம்மாவெல்லாம் என்ன சொல்லுவா? தாராவிக் குட்டியோட சமமா உக்காரவா இங்க அனுப்பினா?"

"அவங்கள வரச் சொல்லுங்க. வாறதுதான் வாறாவ, பாத்திரத்தையும் தேச்சுக் குடுத்துட்டுப் போவட்டும்."

ருக்கு களுக்கென்று சிரித்தாள். மாமிக்கு முகம் சிவந்தது.

"நாளைலேர்ந்து நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்!"

"பாருங்க. இன்னைக்கு நாந்தான் ஆளு."

உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. மாமி சமையலறையைப் பார்த்தாள். லூசியம்மாளைப் பார்த்தாள். லூசியம்மாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றாள். வேலை போனால் அடுப்பு எரியாது; தெரிந்துதான் நின்றாள். கடைசியில் மாமி பெட்டியிலிருந்து ஓர் அட்டையை வெடுக்கென்று உருவித் தூக்கினாள்.

"கேமல்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். சேசம்மாள் வாயைத் திறக்கவில்லை. முதுகில் மூட்டை முளைத்த அந்த மிருகத்தையே கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? வாயே தொறக்க மாட்டேங்கறா. இதுக்கா இத்தனை ஆட்டம்?"

"இன்னைக்குப் பாக்கட்டும். நாளைக்குச் சொல்லுவா" என்றாள் லூசியம்மாள். "ம், அடுத்ததக் காட்டுங்க."