பட்டாணிச் சண்டை

ஜோசயா ஆல்டிங்டன் பித்தளைக் கட்டில் செய்து விற்றுப் பணக்காரரானவர். விக்டோரியா மகாராணி காலத்து மனிதர். கட்டிலில் வந்ததை பீர் காய்ச்சுவதில் போட்டார். பீரில் வந்ததைக் கொண்டு பர்மிங்காமில் முக்குக்கு முக்கு, பச்சை ஓடு பதித்த பப் கட்டினார். இத்தனைக்கும் அவர் தொண்டையில் இஞ்சிச் சோடாவைத் தவிர எதுவும் இறங்காதாம். ஆனாலும் குடிக்கிறவர்களின் மனசை அவரைப்போல் அறிந்தவர் யாருமில்லை என்று பெரில் டிரான்டர் அடித்துச் சொல்வாள்.

அவள் நடத்திவந்த 'பித்தளை மணி' பப்பும் ஆல்டிங்டன் கட்டியதுதான். தெருவிலிருந்து இரண்டு வாசல், உள்ளே இரண்டு அறை, இரண்டுக்கும் பொதுவாக ஒரே கவுண்டர். அறைகளுக்கு நடுவே மரத்தடுப்பு. அதன் மேல்பாதியில் அச்சில் சுழலும், மறுபக்கம் தெரியாத சின்னக் கண்ணாடிகள். முதலாளியும் அவரிடம் வேலை பார்ப்பவனும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் குடிக்கட்டும் என்று வைத்தது. இரண்டு அறையையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமானால் கவுண்டருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

இப்போது அந்தத் தடுப்பு ஹொரேஸுக்கும் க்ளெமுக்கும்தான் உபயோகப்பட்டது. ஹொரேஸின் தங்கையைக் கட்டியவன் க்ளெம். பந்தயத்துக்கு விட்ட ஹொரேஸின் புறா ஊர் வந்து சேர்ந்தும், கூட்டுக்குப் போகாமல் க்ளெம் வீட்டுக் கூரையில் உட்கார்ந்துவிட்டது. கூட்டில் இறங்கினால்தான் பந்தயத்தில் கணக்கு; கோப்பை போயிற்று. க்ளெம் பட்டாணி போட்டு மயக்கிவிட்டான் என்றான் ஹொரேஸ். நல்ல வீடு எதுவென்று புறாவுக்குத் தெரிகிறது என்றான் க்ளெம். அன்றிலிருந்து ஆளுக்கொரு வாசல். பேச்செல்லாம் பெரில் வழியாகத்தான். புருஷன் போனபிறகு அவளுடைய சாயங்காலங்கள் வெறிச்சோடாமல் இருந்ததே இந்த இரண்டு கிழங்களால்தான்.

அதில்தான் மண் விழப் பார்த்தது. பப்பை வாங்கியிருந்த கம்பெனி, தடுப்பை உடைத்து ஒரே கூடமாக்கி, கம்பளம் விரித்து, பாட்டுப் பெட்டி வைக்கப் போகிறதாம். ஆல்டிங்டனின் மற்ற பப்களில் ஏற்கெனவே வேலை முடிந்துவிட்டது. தடுப்பு போனால் இருவரில் ஒருவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். எவரென்றாலும் பெரிலால் தாங்க முடியாது.

பார்ஜட்டர் என்கிற கம்பெனி அதிகாரி அளவுநாடாவோடு வந்து சேர்ந்தார்.

"இந்தக் காலத்துல எதுக்கும்மா இந்தத் தடுப்பெல்லாம்?"

"அதோ, அவங்க ரெண்டு பேரையும் கேளுங்க சார்."

கண்ணாடிகள் சுழன்றன. இந்தப் பக்கம் ஒரு மூக்கு, அந்தப் பக்கம் ஒரு மூக்கு. பார்ஜட்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருவரையும் ஒரே பெஞ்சுக்கு அழைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் வந்து உட்கார்ந்தன. மழையைப் பற்றிப் பேசினார்கள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள்.

"மச்சான், உடம்பு எளைச்சுப் போச்சே உங்களுக்கு," என்றான் க்ளெம்.

"வயசாவுதில்ல, மாப்ள."

பெரில் துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தாள். பாவிகளா, சேருவதற்கு உங்களுக்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது?

"பாத்தீங்களா? தடுப்பு இல்லேன்னா மனுஷங்க ஒண்ணாயிடுவாங்க!" பார்ஜட்டர் நாடாவை விரித்தார்.

ஹொரேஸ் அந்த நாடாவையும் தடுப்பையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பினான். "பெரில் கண்ணு, பன்றிக்கறி போட்ட பட்டாணி இருக்கா? ஒரு கிண்ணம் குடேன்."

பெரில் கொண்டுவந்து வைத்தாள். க்ளெம் கிளாஸைக் கீழே வைத்தான். "இப்ப எதுக்குய்யா பட்டாணி?"

"ஒண்ணுமில்ல. உங்க வீட்டுக் கூரையில இறைக்கலாம்னுதான்."

"யாரைப் பாத்துத் திருடன்கிறே?"

"நான் சொல்லலியே! எம் புறா சொல்லிச்சு!"

அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. இவன் எழுந்தான், அவன் எழுந்தான், பெஞ்சு சாய்ந்தது. சமாதானம் செய்யப்போன பார்ஜட்டரின் தொப்பி பறந்தது; ஒரு கிளாஸ் பீர் முழுசாக அவர் ஷூவுக்குள் இறங்கியது.

"போதும்! தடுப்பு அப்படியே இருக்கட்டும்! வேணும்னா இன்னும் ஒரு அடி ஒசத்திக்கோங்க!" ஷூ சளக் சளக்கென்று சத்தம் போட அவர் வெளியேறினார். கம்பெனியிலிருந்து பிறகு யாரும் வரவில்லை.

இருவரும் தத்தம் பக்கம் போய்விட்டார்கள். ஹொரேஸ் பட்டாணிக் கிண்ணத்தை மறக்காமல் எடுத்துப் போனான். பெரில் சாய்ந்த பெஞ்சை நிமிர்த்திவிட்டுக் கவுண்டருக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணாடி சுழன்றது. அதன் வழியே அந்தக் கிண்ணம் மெல்ல நகர்ந்து வந்தது.

"பெரில், இதை அந்தாளைத் திங்கச் சொல்லு. ரொம்பக் கத்தினான், தொண்டை காஞ்சிருக்கும்."

"எனக்கொண்ணும் வேணாம்னு சொல்லு அவன்கிட்ட," என்ற க்ளெம் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "உப்பு கம்மின்னும் சொல்லு."

 பெரில் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி இரண்டு பக்கமும் பார்த்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹொரேஸ், இந்தப் பக்கம் க்ளெம், இரண்டு பேரும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிரிப்பது மற்றவனுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரிந்தது.