அனுமதி

கல்லூரிப் பெண் ஒருத்தி கடையில் கொடுத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடிக்கு அவள் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோது, கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது. மின்னஞ்சல். ‘உங்கள் மகளின் ஓவியம் பரிசுக்குத் தேர்வாகியுள்ளது. காண இங்கே தொடவும்.’ படித்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஊர் மாறி வந்ததிலிருந்து வாயே திறக்காத பிள்ளை. வகுப்பில் யாரோடும் ஒட்டாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று டீச்சர் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். அதற்கா பரிசு!

தொட்டாள். ‘உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?’ என்று ஒரு சின்னப் பெட்டி குறுக்கே வந்து நின்றது. இப்படி எத்தனையோ வருகின்றன. ஈயை ஓட்டுவதுபோல ‘ஆம்’ என்று தட்டிவிட்டாள்.

படம் மெல்லத் திறந்தது. ஒரு வீடு, வாசலில் கைகோத்தபடி மூன்று பேர், மேலே ஊதா நிறத்தில் சூரியன். மகளின் கைவண்ணமேதான். கீழ் ஓரத்தில் எண்ணெய்க் கறை. அந்தக் கறையைப் பார்த்ததும் திருகாணி விரலிலிருந்து நழுவி எங்கோ உருண்டது. இது இந்தப் பள்ளியில் வரைந்ததில்லை. பழைய வீட்டில், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. கட்டிய துணியோடு பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியேறிய அன்று அங்கேயே விட்டுவந்தது.

மின்னஞ்சலை மறுபடி திறந்து படித்தாள். பள்ளியின் பெயர் எங்குமே இல்லை. அவள் விட்டு ஓடிவந்த புருஷனுக்கு அது தெரியாது. எதுவுமே தெரியாமல்தான் தூண்டிலைப் போட்டிருக்கிறான். ஊர், வேலை, சிம் கார்டு எல்லாவற்றையும் மாற்றியவள், மகளின் நீண்ட கூந்தலைக்கூட அழ அழ வெட்டியவள், மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவளோ ஒரு விரலால் கெட்டாள்.

தங்கையை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

“நான் இப்பவே ஸ்கூலுக்குப் போய்ப் பாப்பாவக் கூட்டிட்டு வந்துடறேன். நம்ம வீட்டுக்கு வேணாம், என் ஃபிரெண்டு வீட்ல வெச்சுக்கறேன். நீ கடைய விட்டுக் கிளம்பு.”

“அவரு அங்கேருந்து வர ராத்திரி ஆயிடும்டி.”

“அங்கதான் இருக்காருன்னு உனக்கு யாருக்கா சொன்னா?”

முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். அவள் புருஷன் வெளிநாட்டில் இருப்பதாகத்தான் அவருக்குத் தெரியும். ‘ஒரு சென்ட் பாட்டில்கூட வரலையேம்மா’ என்று கிண்டல் செய்வார். இன்று முதன்முறையாக அவரிடம் உண்மையைச் சொன்னாள். அடிப்பதற்கு முன் அவன் இடது காலால் தரையை மெல்லத் தட்டிக்கொண்டே நிற்பதைக்கூடச் சொன்னாள். காதோரம் முடியை விலக்கி, அவன் உண்டாக்கிய தழும்பையும் காட்டினாள். அவர் உடனே ஃபோனை எடுத்தார். போலீஸுக்குப் பேசினார்.

“ஆளனுப்புறாங்களாம். வர்ற வரைக்கும் நீ தெருவுல கால் வைக்காதம்மா” என்றவர், உச்சி வெயிலில் ஷட்டரை உள்ளிருந்து கீழே இழுத்தார். அது என்றைக்கும் முழுதாக இறங்காது. நாலு விரல் இடைவெளி விட்டுத்தான் நிற்கும். கடைக்குப் பின்வாசலும் கிடையாது.

விளக்கை அணைத்தார்கள். தங்கையிடமிருந்து செய்தி வந்தது: ‘பாப்பா என்கிட்ட இருக்கா.’ அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வெளியே காலடி ஓசை வந்து நின்றது. ஷட்டரை யாரோ விரலால் இரண்டு முறை தட்டினார்கள்.

“கடை லீவு!” என்றார் முதலாளி.

தட்டியவர் போகவில்லை. அவள் தரையில் கன்னத்தை வைத்து இடைவெளி வழியே பார்த்தாள். வெயிலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. புத்தம் புதுசு, லேஸ் முடிச்சுகூட இன்னும் விறைப்பாக நின்றது. யாருடையதாகவும் இருக்கலாம். அவள் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது ஷூவின் முனை மட்டும், அவசரமே இல்லாமல், தரையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.