பத்தொன்பதாம் கேள்வியில் விட்டுப்போனவர்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. நாற்பத்து மூன்று பக்க அரசுப் படிவத்தில் நான் காலியாக விட்ட ஒரு வரியில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மீதி சுலபமாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

முதல் தொடக்கம்: "ராடார் பழுதுபார்க்கும் என் அண்ணன் நேர்மையும் கடமையும்—"

இது நற்சான்றிதழ். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அன்று வானம்—"

வானம் இதில் எங்கும் வராது.

மூன்றாவது: அண்ணனுக்கு விமான நிலைய ராடார் பிரிவில் அரசு வேலை கிடைத்துப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. பாதுகாப்பு அனுமதி வரவேண்டும்.

இதுவே இருக்கட்டும்.

2

கேள்வி பத்தொன்பது: வெளிநாட்டில் வாழும் உறவினர் அனைவரையும் குறிப்பிடுக.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது வெளிநாட்டில். அண்ணனின் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். அதனால் நான் நிரப்பினேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான் (எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள், வாய் வரவில்லை, இன்றும் பாதிப் பேச்சு தலையாட்டல், அவ்வளவுதான்). எழுத்து மட்டும் குண்டு குண்டாக வரும்.

"ஒருத்தரையும் விடாதே" என்று சொல்லிவிட்டு அண்ணன் போட்டோ எடுக்கப் போனான்.

அக்கா, மாமா, மாமாவின் பெற்றோர் முடிந்தது. அடுத்து மாமாவின் தம்பி. அந்த நாட்டு ராணுவ இசைக்குழுவில் கிளாரினெட் வாசிப்பவர். எங்கள் வீட்டில் அவர் பெயர் பீப்பி.

"அந்தப் பீப்பியை எதுக்குடி எழுதுற?" என்றாள் அம்மா. "பட்டாளம்னாலே பயந்துக்குவாங்க. விட்டுடு."

விட்டேன். யார் எது சொன்னாலும் ஆடும் கழுத்து எனக்கு. அண்ணன் வந்து, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

3

விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். அவரை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் கேட்கிற மனிதரை என்ன செய்வது?

அம்மா அக்காவின் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்தாள்.

"சீருடையில நிக்கிறாரே, இவர் யாரும்மா?"

"எங்க மாப்பிள்ளையோட தம்பி. பட்டாளத்துல பெரிய ஆளு."

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார்.

"இவர் இதுல இல்லையே."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"உறவு இருக்கிறது தப்பில்லைம்மா. ஒளிச்சு வச்சா அதுதான் தப்பு."*

* படிவத்தில் யாரை மறைக்கச் சொன்னாளோ, அவரையே அம்மா ஆல்பத்தில் ஏன் காட்டினாள்? "வீடு தேடி வந்தவருக்கு ஆல்பம் காட்டாம எப்படிடி?" இதை நான் இட்டுக்கட்டியிருந்தால் இன்னும் நம்பும்படி இட்டுக்கட்டியிருப்பேன்.

4

கடிதம் வந்தது. வெளிநாட்டு ராணுவத் தொடர்பை மறைத்தது ஏன்? முப்பது நாளில் விளக்கம் தேவை; இல்லையேல் நியமனம் ரத்து.

செய்தி கேட்டு அக்கா போனில் அழுதாள். "என்னால உன் வேலை போகவேணாம்டா. இனிமே நான் பேசலை." பல வருடமாக ஞாயிறுதோறும் பேசியவள் நிறுத்திவிட்டாள்.

அண்ணனை அலுவலகத்துக்கு அழைத்து அதிகாரி முதலில் கேட்ட கேள்வி: "வாராவாரம் பேசினவங்க திடீர்னு ஏன் நிறுத்தினீங்க?"

நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம்.

"பேரை எழுத மறந்துட்டேன்னு சொன்னேன்" என்றான் அண்ணன், வீட்டுக்கு வந்து. "'ராடார்ல ஒரு புள்ளி விட்டுப்போனா அங்கயும் மறந்துட்டேன்னு சொல்லுவீங்களா'ன்னு கேக்குறார்."

"கேப்பாரு, கேப்பாரு. பீப்பி ஊதுறவன் என்ன ரகசியத்தை ஊதிடப்போறான்?" என்றாள் அம்மா. தான் விடச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நான்தான் உங்கிட்ட சொல்ல விட்டுட்டேன்போல. நீ எழுதினா தப்பே வராதே."

தலையாட்டினேன்.

(இந்த இடத்தில் கதையை மூன்று நாள் மூடி வைத்தேன்.)

5

முடிவு ஒன்று: அனுமதி வருகிறது, அண்ணன் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு— என் பேனாவே நம்பவில்லை.

முடிவு இரண்டு: அண்ணன் பழையபடி டிவி ரிப்பேர் கடையில் உட்கார்ந்து— இதை எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது முடிவு என் பழைய பள்ளிச் சீருடைக்கு அடியில் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் நான் எழுதும் நோட்டுப் புத்தகங்கள், மொத்தம் எட்டு. படிவம் நிரப்பிய அன்றே தேதி போட்டு எழுதியிருக்கிறேன்: அண்ணன் "ஒருத்தரையும் விடாதே" என்றது, அம்மா விடச் சொன்னது, நான் விட்டது. மறைத்தது அவனல்ல என்பதற்கு உலகத்தில் வேறு எழுத்துச் சாட்சி கிடையாது.

ஆனால் அதே நோட்டில், நாலு பக்கம் தள்ளி, அண்ணனுக்கு இந்த வேலை கிடைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். அவன் வேலைக்குப் போய்விட்டால் என் தலையாட்டலுக்கு அர்த்தம் சொல்ல வீட்டில் ஆளிருக்காது.

அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். கிழித்தால் அதுவும் ஒளித்து வைத்ததாகிவிடும்.

6

அதிகாரி சார், இதுவரை நான் பேசிக்கொண்டிருந்தது உங்களோடுதான். நாளை முப்பதாவது நாள். உங்கள் அலுவலக ஜன்னலில் என்ன விஷயம் என்று கேட்பார்கள். எனக்கு வாய் வராது. எட்டாம் நோட்டை நீட்டுவேன். இந்தக் கதை அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. உங்களை வில்லனாக்கப் பார்த்ததையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

கேள்வி பத்தொன்பது, ஐந்தாம் வரி: அக்கா கணவரின் தம்பி. வேலை, கிளாரினெட். எங்களோடு கடைசியாகப் பேசியது, கல்யாணப் பந்தியில், "இன்னும் கொஞ்சம் சாதம்."

முடிவு எழுதும் கட்டம் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருப்பதால் என் குண்டு எழுத்து அங்கே செல்லாது. இங்கே, கீழே உங்கள் முடிவுக்காக ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். இதை விடச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.