கண்ணாடித் தொட்டிக்குள் மகேஸ்வரி

விருத்தாசலத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம் எல்லாம் வழக்கம்தான். இந்தத் தடவை புதுசாகக் கடல் கன்னி. பெரிய கண்ணாடித் தொட்டிக்குள் மீன் வால் மாட்டிய பெண்கள் நீந்துவார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! மங்கலம்பேட்டை, திட்டக்குடியிலிருந்தெல்லாம் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து குவிந்தார்கள்.

கன்னிகளில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குப் போய்விட்டாள். நீச்சல் தெரிந்த பெண் தேவை, பழக்கிவிடுகிறோம், அடுத்தடுத்த ஊர்களுக்குக் கூடவே வரவேண்டும் என்று டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து மகேஸ்வரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மகேஸ்வரி பீங்கான் பட்டறையில் பொம்மை சுரண்டுகிறவள். அச்சிலிருந்து எடுத்த பொம்மை காய்ந்ததும், இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரம்பை பிளேடால் சுரண்டி, ஊதிவிட்டு, சூளைக்குக் கொடுக்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை வெளேரென்று மாவு பூசினாற்போல ஆகிவிடும். பள்ளிக்கூடத்தை விட்ட வயசில் வந்து உட்கார்ந்தவள்; முப்பதைத் தொடப் போகிறாள். கட்டினவன் திருப்பூருக்குப் போனான், போனவன் போனவன்தான். அவன் பேரைச் சொல்லி இங்கே இடத்தை அடைப்பானேன். அம்மா செத்த பிறகு தங்கை கனிஷ்காவைத் தன்னோடு வைத்துக்கொண்டு, தை மாதத்திலிருந்து அவளையும் அதே பட்டறையில் பக்கத்தில் உட்கார்த்திவிட்டாள். இந்தத் தூசியை விட்டு எப்படியாவது வெளியே போய்விட வேண்டும். தான் ஒரு இடத்தில் காலூன்றிக்கொண்டால் தங்கையையும் அழைத்துக்கொள்ளலாம். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

"எனக்கு இல்லாத மூச்சாடி?" என்று கனிஷ்காவிடம் பீற்றிக்கொண்டாள். "கெணத்து அடியில போயி மண்ணு அள்ளிக்கினு வந்தவ நானு. பட்டறையில தெனம் மூச்சப் புடிச்சிப் புடிச்சியே பழகிக் கெடக்குறேன்."

அது உண்மைதான். சுரண்டுகிற பெண்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு சர்ரென்று சுரண்டுவார்கள். முடிந்ததும் பொம்மையை 'பூ'வென்று ஊதுவார்கள். அப்புறம் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி ஒரு பெரிய மூச்சு இழுப்பார்கள். மூச்சை அடக்கினால் தூசி உள்ளே போகாதாம்! முகமூடி கொடுத்தால், வியர்க்கிறது என்று சோற்றுப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அமிர்தம் அக்காவுக்கு எந்நேரமும் இருமல். "அவங்களுக்கு மூச்சப் புடிக்கத் தெரியல" என்றுதான் மகேஸ்வரி சொல்வாள். அடி அசடே, ஊதிக் கிளப்பிய தூசிக்குள்ளேயே அல்லவா அடுத்த மூச்சை இழுக்கிறாய்? அதைச் சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பகலில் பொருட்காட்சி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பழக்கிவிடுகிறவள் பூர்ணிமா, பல வருஷமாக வால் மாட்டி நீந்தியவள். கொட்டகைக்குப் பின்னால் இடுப்பளவுத் தண்ணீர் உள்ள தொட்டியில் முதலில் வால் இல்லாமல் இறக்கினாள்.

"ரெண்டு காலையும் ஒட்டி வைய்யி. இனிமே உனக்கு ஒரே காலுதான்னு நெனச்சிக்க. முட்டிய மடக்கி ஒதைக்காத, சைக்கிளா ஓட்டுற? நெஞ்சுலேருந்து ஆரம்பிச்சி, வயிறு, இடுப்புன்னு கீழ வரணும்."

மகேஸ்வரிக்கு முதலில் பிடிபடவில்லை. கால் தன்பாட்டுக்குப் பிரிந்தது. மூக்கில் தண்ணீர் ஏறியது. கரையில் உட்கார்ந்து கனிஷ்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "சிரிக்காதடி, வந்து நீ செய்யி பாக்கலாம்" என்று இவள் சொல்ல, அவளும் போட்டிருந்த சுடிதாரோடு இறங்கிவிட்டாள். அக்காவும் தங்கையும் ரொம்ப நாளைக்கப்புறம் தண்ணீரில் ஒன்றாகக் கிடந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் இரண்டு பேருக்கும் இடுப்பு வளைந்து கொடுக்க ஆரம்பித்தது.

பிறகு வால். அப்பா, என்ன கனம்! கால்களை நனைத்துக்கொண்டு, அடியில் உள்ள அகலத் துடுப்புக்குள் பாதங்களைச் சொருகி, ஈரத் துணியை மேலே சுருட்டிச் சுருட்டி இடுப்பு வரை ஏற்ற வேண்டும். பச்சையும் நீலமுமாகச் செதில். மாட்டியதும் மகேஸ்வரி குனிந்து பார்த்தாள். வெள்ளைத் தூசி படாத எதையாவது அவள் உடம்பில் போட்டு எத்தனை காலமாயிற்று! அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான்.

"எப்படிக் கழட்டணும்னு மொதல்ல கத்துக்க. பக்கத்துல ஆளு இல்லாம எறங்கவே கூடாது" என்று அதையும் இரண்டு தரம் செய்ய வைத்துவிட்டுத்தான் பூர்ணிமா அவளைக் கண்ணாடித் தொட்டியில் விட்டாள். தானும் கூடவே இறங்கினாள். "அடியில போயி, கண்ணத் தொறந்து, கண்ணாடிப் பக்கம் வந்து சிரிச்சி, கைய ஆட்டணும். அப்புறம் அந்தப் பொம்மைப் பாறைக்குப் பின்னாடி மேல வந்து மூச்சு எடுத்துக்கலாம். அதுவரைக்கும் தாங்கணும்."

மகேஸ்வரி வாய் கொள்ளாமல் மூச்சை இழுத்துக்கொண்டு போனாள். ஒரே வீச்சில் வால் அவளை அடிக்குக் கொண்டுபோனது. திரும்பினாள். கண்ணாடிக்கு வெளியே கனிஷ்கா தெரிந்தாள். சிரிக்க வேண்டும் என்று நினைக்கும்போதே நெஞ்சுக்குள் யாரோ பிடித்து முறுக்கினாற்போல இருந்தது. இன்னும் கையைக்கூட ஆட்டவில்லையே! தண்ணீருக்குள்ளேயே இருமல் வந்துவிட்டது. வாயைத் திறந்தாள். பூர்ணிமா அக்குளில் கையைக் கொடுத்து மேலே இழுத்துப் போட்டாள்.

"பயந்துட்டேங்க. இன்னொரு வாட்டி." இன்னொரு வாட்டியும் அதே கதிதான். அதற்கடுத்த வாட்டி பாதி ஆழம்கூடப் போகவில்லை. விளிம்பில் தொற்றிக்கொண்டு இருமினாள், இருமினாள், அப்படி இருமினாள்.

பூர்ணிமா கனிஷ்காவைச் சோடா வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். பிறகு முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"என்னா வேல பாக்குற?"

"பீங்கான் பட்டறைங்க."

"எத்தன வருசமா?"

மகேஸ்வரி சொன்னாள். பூர்ணிமாவின் கை முதுகிலேயே நின்றுவிட்டது.

"இது பயமில்லம்மா. பயத்துல இருமல் வராது. நாளைக்கே போயி நெஞ்சப் படம் எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தாள். எக்ஸ்ரேவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்த டாக்டர், இரண்டு பக்கமும் இறைந்து கிடந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். நுரையீரலில் படிந்த தூசி இது, போனது திரும்பாது, மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த வேலையை விடம்மா என்றார். விட்டுவிட்டு எங்கே போவது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு யோசித்தாள். தை மாதத்திலிருந்து இன்றுவரை என்றால் கனிஷ்காவுக்குள் எவ்வளவு போயிருக்கும்? தன் நெஞ்சை நினைத்து வராத பயம் அப்போதுதான் வந்தது.

அன்று சாயங்காலமே பூர்ணிமாவிடம் போய் நின்றாள். "எனக்குப் பதிலா எந்தங்கச்சிய எடுத்துக்குங்கக்கா. அன்னிக்கே பாத்தீங்கல்ல, நல்லா செய்யறா." பூர்ணிமா மறுக்கவில்லை. முரண்டு பிடித்தது கனிஷ்காதான்.

"நீ வராம நான் போவ மாட்டேன். ஒனக்கு என்னா ஆச்சி? டாக்டர் என்னா சொன்னாரு?"

"சளின்னாரு. எனக்கு அந்த வாலு புடிக்கலடி. கால கட்டிப் போட்ட மாதிரி இருக்குது. கை தட்டுறான், விசில் அடிக்குறான், எனக்கு அதெல்லாம் ஆவாது."

"நீதான அவ்ளோ ஆசப்பட்ட?"

"ஆசப்பட்டேன், இப்ப படல. போடின்னா போ. எங்கூட இருந்து எங்கழுத்த அறுக்காத!"

வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாள். வேறு எப்படிச் சொன்னாலும் அந்தப் பெண் போயிருக்காது. பொருட்காட்சியைப் பிரித்து லாரியில் ஏற்றியபோது, கனிஷ்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போயிட்டு வரேன் என்றாள். லாரி மறைந்ததும் மகேஸ்வரி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுகைக்கும் மூச்சு போதவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனாள். வேறெங்கே போவாள்? முகமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலாளி தேவநாதன் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"தங்கச்சி போயிட்டாளாமே மகேசு. அவ எடத்துக்கு ஆளு வேணும். ஒங்க ஊருப் பக்கம், உன்ன மாதிரியே ஒரு நல்ல பொண்ணாப் பாத்துக் கூட்டியாயேன்."

ஊரில் சித்தப்பா பெண், பட்டறையில் சேர்த்துவிடு என்று போன வாரம்கூட போனில் கேட்டிருந்தாள். அங்கேயே எதிர்வீட்டுப் பெண்ணும் மகேஸ்வரியிடம் கெஞ்சாத குறை. இரண்டு பேருக்கும் பதினெட்டு முடிந்து காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகேஸ்வரி முகமூடியைக் கீழே இறக்கினாள்.

"எங்க ஊருல பொண்ணுங்களே இல்லீங்க முதலாளி."

தேவநாதன் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். "என்னம்மா, ஒரு ஊருல பொண்ணே இல்லாமலா இருக்கும்?"

"இல்லீங்க," என்றாள் மகேஸ்வரி. "ஒருத்திகூட இல்ல."