சங்கு ஊதும் நல்லோரை

மணல் மிகுந்து நீர் மெலிந்த பாலாறு ஒருபுறமும், அதன் நீரை முன்னொரு காலத்தில் தோல் பதனிடும் ஆலைக்குக் கொண்டுவர வெட்டிய கால்வாய் மறுபுறமும் அணைத்திருக்க, இளவெயில் ஓட்டுக்கூரைகளின்மேல் மெல்லப் படரும் தைத்திங்கள் காலையில், ஆம்பூருக்கு அருகேயுள்ள கால்வாய்ப்பேட்டை விழித்தெழும் அழகே அழகு. ஆலை வந்ததால் கால்வாய் வந்தது. கால்வாயின் இருகரையிலும் வீடுகளும் கோயிலும் பள்ளிவாசலும் வந்தன. தோல் பதனிட்ட ஆலை பின்னாளில் காலணி தைக்கும் ஆலையாயிற்று. எது மாறினும் காலை ஒன்பது மணிக்கு ஒலிக்கும் ஆலைச் சங்கு மட்டும் மாறவில்லை. மணிப்பொறி அரிதாயிருந்த நாளில் அவ்வூரார் தம் திருமண முகூர்த்தமாகிய நல்லோரையையும் அச்சங்கினிடமே ஒப்படைத்துவிட்டனர். கற்றறிந்த அன்பர் நகைக்கலாம். கணியர் எப்படிக் கணித்தாலும் கடைசியில் ஒன்பதுக்கே வந்து நிற்பார். அவரும் அவ்வூர்க்காரர்தாமே.

அவ்வூரில், காலணிக்குத் தோல் வெட்டும் அருணகிரியின் மகள் ரோஷினிக்கும் வேலூரையடுத்த சத்துவாச்சாரியைச் சேர்ந்த ஹேமந்துக்கும் திருமணம் கூடியது. மணமேடையருகே அமர்ந்திருந்த மணமகனின் தாய் பங்கஜம், "இன்னும் எவ்ளோ நேரங்க சம்பந்தி?" என்று வினவ, அருணகிரி மகிழ்ச்சி பொங்க விடையிறுத்தார்.

"இதோ, சங்கு ஊதிட்டா முடிஞ்சுதுங்க."

இழவு வீட்டுச் சங்கொன்றையே அறிந்திருந்த அவ்வம்மையாரின் முகம் கறுத்தது. "எழுந்துர்றா ஹேமந்த். கல்யாணத்துல சங்கு ஊதுறவங்க வூட்ல நமக்குப் பொண்ணு வேணாம்" என்று எழுந்துவிட்டார். தாம் செய்த பிழை யாதென்றே விளங்காத அருணகிரி, மகளின் மணம் கண்முன்னே கலைவதைக் கண்டு கைகூப்பி வழிமறித்தார்.

முன்வரிசையிலிருந்த பக்கத்து வீட்டு ஹலீமா பீக்கே முதலில் செய்தி விளங்கியது. அவர் விரைந்து வந்து பங்கஜத்தின் கையைப் பற்றினார்.

"பேஜார் ஆவாதீங்கக்கா. இது ஃபேக்டரி சங்கு. எங்க வூட்டு நிக்காவும் இது ஊதினப்புறம்தான். கொரோனா வந்தப்போ இது ஊதவேயில்ல. ஊரே அடுப்பு மூட்டாம கெடந்துச்சு. ஊதாட்டிதாங்க்கா எங்களுக்கு இழவு."

அவர் சொல்லி முடிக்கவும் சங்கு முழங்கிற்று. கூடியிருந்தோர் அனைவரும், எவரும் சொல்லாமலே, மஞ்சளரிசி ஏந்திய கைகளை ஒருங்கே உயர்த்தினர். தாலியைக் கையிலேந்திய ஹேமந்த் தாயின் முகத்தையே நோக்கியிருந்தான். அத்தனை கைகளும் தம் ஒருசொல்லுக்காகக் காத்திருப்பதைக் கண்ட பங்கஜத்தின் நெஞ்சம் இளகிற்று.

"இன்னாடா பாக்குற? அதான் சங்கு ஊதிட்டாங்களே, கட்டுடா."

மணப்பந்தல் முழுதும் சிரிப்பில் அதிர்ந்தது. தலைகுனிந்திருந்த மணமகளும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அருணகிரி மட்டும் அழுதார். ஓரூரின் வாழ்வொலி வேற்றூர்ச் செவிக்கு வேறாய்க் கேட்பது இயல்பே. கையைப் பற்றி அதன் பொருளுரைக்க ஒருவர் அருகிருப்பின் அச்சம் அகன்றுவிடும். உழைப்புக்கு அழைக்கும் ஒலியையே வாழ்த்தொலியாய்க் கொண்ட அம்மக்கள் நெடிது வாழ்க.